வயலினுக்குள் ஒரு குறிப்பு

சங்கீத உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: பிரான்சின் மிர்கூர் நகரத்து வயலின் நிபுணர் ஒக்தாவ் கிரான்மெர் தம் வாழ்நாளில் ஒரு தவறும் செய்ததில்லை. சொன்னவர் அவரேதான்.

தம்மிடமுள்ள வயலின் மேதை புவாசெல் செய்தது என்று இருபது வருடமாக ஊரெல்லாம் சொல்லி வந்தார். அன்று மாலை அருங்காட்சியகத்துக்குச் சான்றிதழ் தர வேண்டும். உள்ளே ஒட்டிய பெயர்ச்சீட்டை நம்ப முடியாது. மிர்கூரில் யாரும் யார் பெயரையும் ஒட்டுவார்கள். வேறு அடையாளம் தேடி, கத்தியை நுழைத்து மேல்பலகையைத் தூக்கினார்.

வயலினைத் திறக்கிறவர் உள்ளே பெயரும் தேதியும் எழுதுவது தொழில் வழக்கம். இருபது வருடத்துக்கு முன் ஒக்தாவே திறந்து ஒட்டியபோது எழுதியது பென்சிலில் இருந்தது. அதன் கீழே பழுப்பு மையில்: "பசை ரொம்பக் கெட்டி. பிரித்து மறுபடி ஒட்டினேன்."

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த புவாசெலின் கடிதத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். ஒரே எழுத்து. புவாசெல் செத்து நூற்றைம்பது வருடம் ஆகிறது. ஒக்தாவ் சன்னலுக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார்.

தங்கை சொலான்ழ் எட்டிப் பார்த்தாள்.

"எவனோ விளையாடியிருக்கான்" என்றார்.

"வயலினைப் பூட்டி வச்ச அலமாரிச் சாவி உன் இடுப்புலதானே இருக்கு, அண்ணே?"

"எழுத்து அவரோடதுதான்டி."

"அப்போ வயலின் அசல். உன் பசைதான் மட்டம்னு ஆகுது."

ஒக்தாவ் கடிதத்தைத் திரும்பச் சுவரில் மாட்டினார். பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பசைச் சட்டியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார்.