பூசணிக்காயின் அறிவு எடை

ஒரு மளிகைக் கடைத் தராசுக்கு அரிசியும் பருப்பும் எடை போட்டு அலுத்துவிட்டது. இனிமேல் அறிவை எடை போடப் போவதாகச் சொன்னது.

"அறிவுன்னா என்னங்க?" என்று கேட்டது காய்ந்த மிளகாய்.

"என் தட்டை எது இறக்குதோ அதுதான் அறிவு" என்றது தராசு.

இவ்வளவு தெளிவான விளக்கத்தை அந்தக் கடை அதுவரை கேட்டதில்லை. பூசணிக்காய் ஏறியதும் தட்டு தரையில் இடித்தது. அதற்கு மேதை என்று பட்டம் கிடைத்தது. மிளகாய் ஏறியபோது தட்டு அசையவே இல்லை. வெங்காயங்கள்கூடச் சிரித்தன. மிளகாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலையில் பூசணியின் அடியில் ஓர் ஓட்டையையும், அதற்குள் மறையும் எலியின் வாலையும் மிளகாய் பார்த்துவிட்டது.

"பூசணி அண்ணே, உங்களுக்குள்ள எலி பூந்து தின்னுட்டிருக்கு."

"தட்டை அசைக்கத் துப்பில்லை, நீ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?" என்ற பூசணி, நேராகப் போய்த் தராசில் ஏறி உட்கார்ந்தது.

தராசு பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னது: "நேத்தைவிட உங்களுக்கு அறிவு கூடியிருக்குங்க."

பூசணிக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் வயிற்றுக்குள்ளிருந்து எலி ஓர் ஏப்பம் விட்டுச் சொன்னது:

"தராசு சொன்னா சரியாத்தான் இருக்கும்."