முத்திரையில் விழுந்த விரிசல்

மரகதவல்லி பல வருஷமாக ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து லண்டனில் வெள்ளியில் ஷூ பக்கிள் செய்தவர். பெயர் தெரியாது. பக்கிளின் பின்புறம் அவர் அடித்த, சொந்தப் பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று என இரண்டெழுத்து முத்திரைதான் துப்பு. முத்திரை அச்சில் ஒரு விரிசல் இருந்தது. அது வளர்ந்துகொண்டே போனதால் எந்தப் பக்கிள் முந்தியது என்று அவளால் சொல்லிவிட முடியும்.

இன்று தபாலில் வந்த பக்கிளிலும் அவருடைய வழக்கமான கொடி வேலைப்பாடு. ஆனால் விரிசல் இல்லை. குடும்பப் பெயரின் எழுத்து அதேதான், சொந்தப் பெயரின் எழுத்து வேறு. சுற்றிலும் சாய்சதுரக் கட்டம். அந்த ஊரில் பெண்களின் முத்திரைக்குத்தான் அந்தக் கட்டம்.

லென்ஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

“என்ன, ஆளு கெடைச்சிட்டாரா?” என்றார் கணவர் தணிகாசலம்.

“தவறிட்டாருங்க. சம்சாரந்தான் பட்டறையப் பாத்துக்கிறாங்க.”

கேலி செய்ய வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெந்நி வைக்கட்டுமா?” என்றார்.

தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலில் சுற்றிய துண்டோடு மறுபடி லென்ஸில் குனிந்தாள். அந்தப் பெண் அடித்த முத்திரை கொஞ்சம் கோணல்தான். ஆனால் நல்ல ஆழம்.

“பொழச்சிக்குவா” என்றாள்.