வெளிமாநிலத்துக்காரன்

"ரோட்டோரத்துல பந்து தட்டுற அந்த சானுவ வச்சு மேல் டிவிஷனுக்குக் கேற முடியாது, மக்கா. வெளிமாநிலத்துக்காரன்தான் வேணும்."

சதாசிவன் தீர்த்துச் சொல்லிவிட்டார். கேரளத்து நெய்யாற்றின்கரையில் மூன்று மாடித் துணிக்கடை வைத்திருப்பவர். போன வருஷம் காரோட்டுக் கால்பந்து கிளப்பை விலைக்கு வாங்கி, ஜெர்சியில் கிளப் பெயரைச் சிறிதாக்கி, கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டவர். மேல் டிவிஷனுக்குப் போயே தீருவது என்று மலப்புறத்திலிருந்து இரண்டு பேரையும் வெளிநாட்டிலிருந்து ஒருவரையும் இறக்கினார். ஒருவருக்கு முட்டி பிசகியது. மற்ற இருவரும் கூடுதல் சம்பளம் கிடைத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். கடையின் மூன்றாவது மாடி பேங்கில் அடமானத்தில் இருக்கிறது.

இன்னும் மூன்று ஆட்டம். மூன்றையும் ஜெயித்தால் மேலே. ஒன்றில் சறுக்கினாலும் போட்டதெல்லாம் போச்சு.

கிளப் கணக்கைப் பார்க்கும் பிந்துஜா எதிரில் நின்றாள். தென்னை ஏறுகிறவரின் மகள். பி.காம். முகத்துக்கு நேரே பேசுகிறவள்.

"உள்ளூர்ப் பயலுவ எட்டுப் பேருக்கு மூணு மாசமா சம்பளம் இல்ல, முதலாளி. முதல்ல அதக் குடுங்க. சானுவுக்கு ஆட்டத்துக்கு ஐந்நூறும் பொரோட்டாவும் போதும்."

"ஐந்நூறுக்கு வாறவன் ஐந்நூறுக்குத்தான் ஆடுவான்."

சானுவை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. டைல்ஸ் ஒட்டுகிறவன் என்று கேள்விப்பட்டதே போதுமானதாக இருந்தது.

கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துகிறவள், அன்று மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் ஒரு ஏஜென்டிடமிருந்து மெயில் வந்தது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர், பெயர் எஸ். எட்வின், ஆதாரும் ரேஷன் கார்டும் அந்த மாநிலத்தில்தான். மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்து ஐந்நூறு, முன்பணமாக. அந்த இங்கிலீஷுக்கே சதாசிவன் விழுந்துவிட்டார். வாலில் தொங்கிய ஆயிரத்தைந்நூறு மட்டும் என்னவென்று புரியவில்லை. ஏதோ வரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"கூடுதலாக்கும், முதலாளி," என்று பிந்துஜா ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

எட்வின் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். அடுத்ததில் ஒன்று. கூட ஆடுகிறவர்கள் அவனைத் 'தமிழ்நாடே' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். வெளியூர்க்காரனோடு இத்தனை சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்களே என்று சதாசிவனுக்குப் பெருமை. கடைசி ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கார்னரில் வந்த பந்தை அவன் தலையால் உள்ளே தள்ளினான். கிளப் மேலே போய்விட்டது.

சதாசிவன் மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்து, பணம் போட்டால் ஆள் வரும், ஆள் வந்தால் கோல் வரும் என்று கால்மணி நேரம் பேசினார். பிறகு எட்வினின் தோளில் கை போட்டார்.

"எலே, இவ்வளவு தூரம் வந்து எனக்க மானத்தக் காப்பாத்தினியே. சாயங்கால டிரெயினுக்கு ஏசி டிக்கெட் போடச் சொல்லட்டா?"

"வேண்டாம் சாரே. நடந்தே போறேன்."

"தமிழ்நாட்டுக்கா?"

"ஆமா சாரே. ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் எனக்க வீடு. எட்வின்னு கார்டுலதான் உண்டு. ஊருல எல்லாரும் சானுன்னுதான் விளிப்பாவ."

எட்டுப் பேரும் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார்கள். சதாசிவனின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது. அவர் பிந்துஜாவைப் பார்த்தார்.

"அப்போ அந்த ஏஜென்ட்?"

"வாலுல தொங்கின ஆயிரத்தைந்நூறு சானுவுக்கு. மிச்சம் எட்டுப் பேரோட மூணு மாசச் சம்பளம்," என்றாள் பிந்துஜா. "மெயில்ல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல, முதலாளி. இங்கிலீஷுல எங்கயாவது தப்பு உண்டுன்னா மட்டும் சொல்லுங்க, எங்க வீட்டுல முதல்ல காலேஜுக்குப் போனவ நானாக்கும்."