சூளைக்குள் நின்ற கூம்பு

கலைக் கல்லூரிச் சூளைக்குள் ஒரு ஜாடியும், விரல் அளவு மண்கூம்பு ஒன்றும் அடுத்தடுத்து நின்றன. ஜாடி, இறுதியாண்டு மாணவி பௌசியா தன் தேர்வுக்காகச் செய்தது.

“நான் பரீட்சைக்குப் போறேன். நீ எதுக்கு வந்தே?” என்று ஜாடி கேட்டது.

“சூடு பார்க்க,” என்றது கூம்பு.

“உன் உடம்புக்கு இதெல்லாம் தாங்குமா? பயந்து விழுந்துடாதே. என்னை மாதிரி நிமிர்ந்து நிக்கணும்.”

தீ ஏறியது. சூளை சிவந்து, மஞ்சளாகி, வெளுக்கத் தொடங்கியது. ஜாடியின் இடுப்பு லேசாக இளகியது. அதை அது வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அப்போதுதான் கூம்பு மெல்லத் தலை சாய்ந்தது. சூளையின் துளை வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்த பௌசியா உடனே கேஸ் குழாயை மூடித் தீயை அணைத்தாள்.

மறுநாள் சூடு ஆறியது. ஜாடி கண்ணாடியாய் மின்னியது.

“பார்த்தியா? நீ பொசுக்குன்னு மடங்கிட்டே. நான் கடைசிவரைக்கும் துளிகூட வளையலை!”

மடங்கிக் கிடந்தபடியே கூம்பு சிரித்தது.

“பின்னே? நீ வளையக் கூடாதுன்னுதானே என்னை உள்ளே வெச்சாங்க!”