தலைகீழ்த் துடைப்பம்

ஐந்து மூங்கில் தட்டிகளிலும் அரிசி வடகங்கள் மூன்றாம் நாள் வெயிலில் கிடக்கின்றன. விளிம்பு வெளுத்துவிட்டது; நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம். இன்னும் ஒரு மணி நேர வெயில் போதும். ஆனால் ஜாவாக் கடலிலிருந்து மேகம் எருமைக் கூட்டம்போல் ஏறி வருகிறது. தெருப் பெண்களெல்லாம் தட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட, சுமிரா மட்டும் முற்றத்து மூலையில் ஈர்க்குத் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, அதன் நுனிகளில் சிவப்பு மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் குத்துகிறாள். மழையை விரட்டும் இந்தத் துடைப்பத்தை வீட்டின் கடைக்குட்டிதான் நட வேண்டும் என்பது ஊர் வழக்கம். "உனக்கு அறுபத்திரண்டு வயசாச்சு அக்கா," என்கிறாள் வேலிக்கு அப்பால் நிற்கும் லஸ்திரி. "எங்கம்மாவுக்கு நான்தான்டி கடைசி. எனக்கப்புறம் யாரும் பொறக்கலியே." போன வருஷம் இதே துடைப்பம் விரட்டிய மழை பக்கத்து ஊரில் பதினொரு நாள் தங்கிவிட்டது. அந்த ஊர் வாத்துகள்கூட இன்னமும் சுமிராவோடு பேசுவதில்லை.

"நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. நனைஞ்சா அத்தனையும் பூசணம். உள்ள எடுத்து வை அக்கா."

"உள்ள வெச்சா காயுமா? 'உங்க வீட்டுல வெயிலே விழாது, வடகத்த நாங்களே கடையில வாங்கிட்டு வந்துடறோம்'னு அந்தச் சம்பந்தியம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போச்சு. என் மக கல்யாணத்துல கடை வடகமா?"

மேகம் கூரைக்கு நேர் மேலே வந்து, மிளகாயைப் பார்த்துவிட்டு நிற்கிறது. காற்றும் நிற்கிறது. சுமிராவின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுகிறது.

"மழை அக்கா."

"வேர்வை," என்கிறாள் சுமிரா. மூக்கைத் துடைக்காமல் அடுத்த வடகத்தைப் புரட்டிப் போடுகிறாள்.