கையேட்டில் இல்லாத நாடு

"பாலம் இடியும்னு போட்டிருந்துச்சு, இடிஞ்சிருச்சு. அதையும் எழுதுங்கக்கா!" என்றாள் நாகஜோதி.

"இரு கண்ணு, ஒவ்வொண்ணாச் சொல்லு. கார்டுல எடமே இல்ல" என்று சித்ராதேவி பேனாவை உதறினாள்.

பகல் பன்னிரண்டுக்குப் போகும் கரண்டு ஒரு மணிக்குத்தான் வரும். அந்த ஒரு மணி நேரம் பனியன் கம்பெனியின் தையல் மிஷின்கள் வாயை மூடிக்கொள்ள, அயர்ன் மாஸ்டர் முனீஸ் வாயைத் திறப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து, 'எல்லோருக்குமான உலக நடப்புக் கையேடு' என்ற தடிமனான புத்தகத்தைப் பிரித்து வாசிப்பார். பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய பேப்பர் கடையில் வாங்கியது. பதினோரு பதிப்பு கண்ட புத்தகமாம். ஆனால் யார் கையிலும் கொடுக்க மாட்டார். அழுக்குப் படும் என்று துணியில் சுற்றி அயர்ன் டேபிளுக்கு அடியில் வைத்துவிடுவார்.

பஞ்சாங்கத்தை நம்புவதுபோல் அந்தப் புத்தகத்தை நம்ப ஆரம்பித்திருந்தது கம்பெனி. நம்பாமல் என்ன செய்வது? 'சீமையில் பெரிய துணிக்கடை ஒன்று பூட்டப்படும்' என்று முனீஸ் வாசித்த பத்தாம் நாள், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கடையையே மூடிவிட்டான் என்று இங்கே ஆர்டர் கேன்சலானது. கப்பல் கவிழும் என்று வாசித்தார். இவர்கள் மடித்து அடுக்கி அனுப்பிய பெட்டிகளோடு ஒரு கப்பல் கவிழ்ந்தது. போன வாரம் பாலம்.

கடைசிப் பக்கத்தில் இருந்த தபால் அட்டையைக் கிழித்துக் கொடுத்ததும் முனீஸ்தான். "இதுல என்னமோ கோடு போட்டு எடம் விட்டிருக்கான். என்னன்னு பாருங்க தாயி" என்றார். 'வாசகர் கருத்து, தபால்தலை வேண்டாம்' என்றிருந்தது. செக்கிங் செக்‌ஷனில் சித்ராதேவி பத்தாவது படித்தவள். அட்டை அவள் பொறுப்பானது.

"எல்லாம் கெட்ட சேதியாவே இருக்குதுங்க. அடுத்த பதிப்புல நல்லதும் நாலு போடச் சொல்லு அம்மிணி" என்றார் கட்டிங் மாஸ்டர் நஞ்சப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்ராதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்ணா, ஜோர்டானைப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

சிரிப்பு நின்றது. அவள் புருஷன் குருசாமிக்கு இங்கே இரண்டு மாதமாக வேலையில்லை. ஜோர்டானில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு விசா வந்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

"நல்லதுன்னா அனுப்பறேனுங்க. கெட்டதுன்னா கூழோ கஞ்சியோ, இங்கயே இருந்துக்கறோம்."

முனீஸ் பக்கங்களைத் திருப்பினார். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. அயர்ன் பெட்டி ஆறிக் கிடந்த நேரத்தில் அவருக்கு நெற்றி வேர்த்தது. இமைக்காமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தும்மியபோதுதான் நிமிர்ந்தார்.

"கட்டாயம் போயித்தான் ஆகணுமா தாயி?"

"என்ன போட்டிருக்குதுங்ணா? அதைச் சொல்லுங்க."

அவர் புத்தகத்தை மூடினார். "அந்த ஊரைப் பத்தி இதுல ஒண்ணுமே போடலை."

சித்ராதேவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கெட்ட சேதியாகவே போடும் புத்தகத்தில் பெயரே இல்லையென்றால் அது நல்ல சேதிதானே! அட்டையின் மிச்ச இடத்தில் 'ஜோர்டானையும் சேர்க்கவும்' என்று எழுதித் தபாலில் போட்டாள். ராத்திரி சோறு போடும்போது குருசாமியிடம், "தைரியமாப் போய்ட்டு வாங்க" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பதிப்பகத்திலிருந்து கம்பெனி முகவரிக்குப் பதில் வந்தது. காலையில் குருசாமி போனில் "ஏறிட்டேன் சித்ரா" என்று சொல்லியிருந்தான். இந்நேரம் விமானம் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அந்தச் சந்தோஷத்தோடு கவரைப் பிரித்தாள்.

'தங்கள் கருத்துக்கு நன்றி. தாங்கள் குறிப்பிடும் துணிக்கடை, கப்பல், பாலம் எதுவும் எங்கள் கையேட்டின் எந்தப் பதிப்பிலும் இல்லை. நாடுகளின் வரலாறும் அரசியலும் மட்டுமே உள்ளன. ஜோர்டானுக்கு ஏற்கெனவே நான்கு பக்கங்கள் ஒதுக்கியுள்ளோம்.'

இரண்டு தரம் படித்தாள். கடிதத்தோடு அயர்ன் டேபிளுக்கு ஓடினாள்.

அங்கே ஆபீஸ் கிளார்க் அங்கமுத்து ஒரு கட்டு ஃபாரங்களோடு நின்றிருந்தார். திங்கட்கிழமை பையரின் ஆடிட். ஆடிட் என்றால்தான் கம்பெனிக்குத் தொழிலாளியின் பெயரெல்லாம் ஞாபகம் வரும். ஆள் ஆளாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏனுங்ணா, நாலு பக்கம் இருக்குதாமே! இல்லைன்னு ஏனுங்க சொன்னீங்க? கப்பலு, பாலம் எதுவுமே அதுல இல்லீங்களாமே! அப்ப நீங்க எதைத்தான் படிச்சீங்க?"

முனீஸ் துணி சுற்றிய புத்தகத்தை டேபிளுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார்.

"நல்லாக் கேட்ட போ!" என்று சிரித்தார் அங்கமுத்து. "முனீஸண்ணன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை அம்மிணி. எட்டு வருசமா இவருக்குக் கைநாட்டுத்தான்." சொல்லிக்கொண்டே மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

முனீஸ் கட்டை விரலை மையில் அழுத்தி, ஃபாரத்தில் பதித்தார். ரேகை கலைந்துபோனது.

"படிச்சிருந்தா சொல்லியிருப்பேன் தாயி" என்றார், கண் கலங்கி. "அந்தப் பக்கத்துல கண்ணால பார்த்ததை உங்ககிட்ட எப்படிச் சொல்ல?"