தடை செய்யப்பட்ட விறகு

ஆலந்தலைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய காப்புக்காட்டில் கூடார முகாம் திறந்த அன்றே வாசலில் ஒரு பலகையும் நட்டார்கள். மணலில் தீ மூட்டக் கூடாது. ஆமை முட்டையிடும் இடம். முகாமில் தரும் இரும்புத் தொட்டிக்குள்தான் மூட்ட வேண்டும். வெளியிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது. காட்டுக்குள் ஒரு சுள்ளியைக்கூடப் பொறுக்கக் கூடாது. மீறினால் சிறை.

எதிரே டீக்கடை வைத்திருந்த வன்னியபெருமாள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை படித்தார். படித்து முடித்தபோது அவருக்குப் புதிதாக ஒரு தொழில் கிடைத்திருந்தது.

சனி, ஞாயிறு ஆனால் தூத்துக்குடியிலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். கூடாரம் இருக்கும், தொட்டி இருக்கும், மசாலா தடவின மீன் இருக்கும். முகாம் அலுவலகத்தில் எண்ணிக் கொடுக்கிற ஐந்து குச்சியில் மீனின் ஒரு பக்கம்கூட வேகாது. அரைவேக்காட்டு மீனோடு அவர்கள் டீக்கடையை எட்டிப் பார்ப்பார்கள். வன்னியபெருமாள், காப்புக்காட்டின் பின்வேலி வழியாக நுழைந்து தான் வெட்டிக் காயவைத்திருந்த உடை மர விறகில் ஒரு கட்டு எடுத்து நீட்டுவார்.

சாத்தான்குளத்து வாத்தியார் டிக்சன் மட்டும் விறகை வாங்கிக்கொண்டே தயங்கினார்.

"மாட்டிக்கிட மாட்டோம்லா அண்ணாச்சி?"

"வெளி விறகு கொண்டுவரக் கூடாதுன்னுதான போட்டிருக்கு? இது வெளி விறகா? உள்ள நின்ன விறகுலா!"

"உள்ள பொறுக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கே."

"நீங்க எங்க சார் பொறுக்குனிய? நான்லா வெட்டுனேன். மீன் ஆறுதுக்குள்ள போங்க."

வீட்டில்தான் அவருடைய வக்கீல் வாதம் எடுபடவில்லை. மனைவி செல்லத்தாய் தினமும் ஒரு பாட்டம் அழுதாள்.

"மவளுக்கு மாப்பிள்ளை பாக்குத நேரம். அப்பன் விறகுக் களவுல ஜெயிலுக்குப் போயிட்டாம்னா எவன் நம்ம வாசப்படி ஏறுவான்?"

"ஏளா, அந்த வாச்சர் முழிச்சிருந்தால்லா என்னையப் புடிப்பான்?"

அதில் உண்மை இருந்தது. வனக்காவலர் சுடலைக்கண்ணன் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பூவரச நிழலில் நாற்காலியைப் போட்டு, முகத்தில் துண்டை விரித்தார் என்றால் மூன்று மணி வரைக்கும் குறட்டைதான். குறட்டை கேட்கிறவரை வன்னியபெருமாளின் அரிவாளும் கேட்கும்.

ஒருநாள் அவசரத்தில் அரிவாளைக் காட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பதுங்கிப் பதுங்கிப் போனால், அரிவாள் விட்ட இடத்திலேயே கிடந்தது. எடுத்து ஒரு போடு போட்டார். மொக்கையாகக் கிடந்த அரிவாள், சாணை பிடித்ததுபோல் பளபளத்து, வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கிற்று. எல்லாம் கைப்பக்குவம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

சுடலைக்கண்ணன் டீ குடிக்க வரும்போது அவரைச் சீண்டிப் பார்ப்பதிலும் ஒரு சுகம்.

"என்ன தம்பி, காட்டுக்குள்ள களவு கிளவு நடக்கா?"

"நான் இருக்கும்போது ஒரு ஈ நுழையுமா அண்ணாச்சி?" என்று சுடலைக்கண்ணன் டீயை ஊதினார். "இந்த விறகுக் களவாணிப் பயலுவளுக்குப் பொதுவாவே வெவரம் பத்தாது. மேல வெட்டிட்டு அடித்தூரை விட்டுட்டுப் போயிருவானுவ. தூர் விறகுலலா தீ நின்னு எரியும்!"

வன்னியபெருமாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து கடப்பாரையும் கொண்டுபோய்த் தூரோடு தோண்டினார்.

ஆறாவது மாதம், வனச்சரக அலுவலகத்துக்கு உடனே வரச் சொல்லி ஆள் வந்தது. செல்லத்தாய் அழக்கூட மறந்துபோய் நின்றாள்.

வனச்சரகர் ஜெபசுதா நாசரேத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். மேசையில் காட்டின் வரைபடம் விரிந்திருந்தது. சுடலைக்கண்ணன் ஓரமாக நின்றார், அன்றைக்கு நன்றாகவே முழித்திருந்தார்.

"எட்டு ஏக்கர் அண்ணாச்சி. ஒரு உடை மரம் மிச்சமில்ல. தூர்கூட இல்ல" என்றார் ஜெபசுதா.

வன்னியபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா... தெரியாம..."

"ஆறு மாசமாவா தெரியாம?"

"மவளுக்கு வரன் வந்துருக்கும்மா. இனி அந்தத் திசையில தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். ஜெயிலு மட்டும் வேண்டாம்."

"உக்காருங்க. மாவட்ட அதிகாரிக்கு உங்களப் பத்தித்தான் எழுதியிருக்கேன். வாசிக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஜெபசுதா நிதானமாக வாசித்தார்.

"'ஐயா, பிற செடிகளை வளரவிடாமல் காட்டையே அடைத்துக்கொண்டிருந்த சீமை உடை என்னும் சீமைக் கருவேல மரங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று சென்ற ஆண்டு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று முறை அறிவித்தோம். முள் குத்தும் என்று ஒருவரும் வரவில்லை. ஆகவே வெட்டுவதற்குத் தடை விதித்தோம். தற்போது எட்டு ஏக்கரும் வேரோடு சுத்தமாகிவிட்டது. அரசுக்குச் செலவு ஏதுமில்லை.' சரியா இருக்கா?"

வன்னியபெருமாள் சுடலைக்கண்ணனைப் பார்த்தார். அவர் மின்விசிறியின் இறக்கைகளை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... எம்மேல கேசு?"

ஜெபசுதா கடிதத்தை மடித்து உறையில் போட்டு, வரைபடத்தில், இன்னும் உடை மரம் மண்டிக் கிடந்த வடக்கு மூலையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பன்னிரண்டு ஏக்கருக்கு நாளைக்கு வேலி போடுதோம் அண்ணாச்சி, அங்கன மட்டும் கை வச்சிராதீங்க!"